வாயே திறக்காதவர்

மர்ம நாவலைப் படித்து முடித்துவிட்டு, அதே கதை நாடகமாகும்போது குடும்பத்தோடு முன்வரிசைக்கு வந்து சேருகிற ஒரு பிராணி உண்டு. கொலைகாரன் யார் என்று உளறிக் கொட்டுகிற மட்ட ரகத்தை நான் சொல்லவில்லை. இது மேலான ரகம். சொல்லவே சொல்லாது. சொல்ல மாட்டேன் என்பதைத்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

"தலையே போனாலும் என் வாயிலேருந்து வராது" என்பார். யார் கேட்டார்கள்?

பாவம், அவர் மனைவி. நாவல் வீட்டிலேயே கிடந்தும் அதன் அட்டையைக்கூடத் திருப்பாதவள். காரணம் அவளுடைய அண்ணன். பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், மாலையில் நாடகக் குழு என்று அலைந்தும், மேடையில் அவனுக்கு இதுவரை கிடைத்ததெல்லாம் கதவைத் திறந்துவிட்டுப் போகும் வேலைக்காரன் வேஷம்தான். இந்த நாடகத்தில்தான் முதன்முறையாக வசனம், கோட்டு, கைப்பை எல்லாம். கதையில் வரும் குடும்பப் பல் டாக்டர் வேஷம்.

"நீ கதையைப் படிக்காதே" என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தான். "என் மூஞ்சியைப் படிக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். நான் தேறுவேனான்னு நீதான் நிஜத்தைச் சொல்லணும். தேறலேன்னா இதோட விட்டுடறேன்."

திரை எழுந்தது. ஆலை முதலாளி சோபாவில் பிணமாகக் கிடந்தார். நம்மவர் வேலையை ஆரம்பித்தார். முதலாளியின் தம்பி மகன் கண்ணாடித் தம்ளரைத் தொட்டால் ஒரு கனைப்பு. சமையல்காரி கத்தியைத் துடைத்தால் மனைவியின் விலாவில் ஓர் இடி. வக்கீல் கைக்குட்டையை எடுத்தால், எல்லாம் அறிந்த ஒரு பெருமூச்சு.

"நான் ஒண்ணும் சொல்லல. அந்த ஜன்னலை மட்டும் பாத்துக்கோ."

"ஜன்னல்ல என்ன சார்?" என்று பின்வரிசை அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேம்மா. ரசனை கெட்டுடும்."

இடைவேளைக்குள் அந்த வட்டாரமே மேடையை விட்டுவிட்டு இவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

"என்னங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள் மனைவி. "அண்ணனுக்கு நான் பதில் சொல்லணும். கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"நான் எப்பம்மா என்ன சொன்னேன்?"

"சொல்லாமத்தானே இந்தப் பாடு!"

வாக்குக் கொடுத்தார். விளக்கு அணையும்வரை அது தாங்கியது. தம்பி மகன் வந்தான், கனைத்தார். சமையல்காரி வந்தாள், நாற்காலி கிறீச்சிட்டது. இன்ஸ்பெக்டர் வந்தார், ஐயோ பாவம் என்று நம்மவர் சிரித்தார்.

பல் டாக்டர் வந்தார்.

நம்மவர் கல்லாய்ச் சமைந்தார். கனைப்பு இல்லை, இடி இல்லை, மூச்சுகூட இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கொட்டகைக் கூரையில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல் அதையே பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ரகசியத்தை நிஜமாகவே காத்தார்.

"அடப்பாவி, பல் டாக்டரா!" என்றாள் பின்வரிசை அம்மாள்.

மனைவி கண்களை மூடித் திறந்து, பிடிவாதமாக மேடையைப் பார்த்தாள். அண்ணன் கைப்பையைத் திறந்தான், பிணத்துக்காக வருந்தினான், தண்ணீர் கேட்டான். அந்த முகத்தில் குற்றத்தின் நிழலைத் தேடித்தேடிப் பார்த்தாள். ஒரு துளி கிடைக்கவில்லை. அபாரமாக நடித்துக்கொண்டிருந்தான். அதை ரசிக்க அந்த வரிசையில் யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் அரிதாரத்தோடு ஓடிவந்தான்.

"உண்மையைச் சொல்லு. கண்டுபிடிச்சியா?"

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"உன் மூஞ்சியில எனக்கு எதுவுமே தெரியலண்ணா. சத்தியமா."

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அண்ணன் அங்கேயே கண்கலங்கினான். மை கன்னத்தில் வழிந்தது.

"பின்னே?" என்றார் நம்மவர், அவன் முதுகில் தட்டி. "நான் வாயே திறக்கலையே மச்சான்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் யாரோ இப்போது ஒரு மர்ம நாவலைப் பாதி படித்து வைத்திருப்பார்கள். நீங்கள் முன்பே படித்ததுதான். "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று நேற்றுக் கேட்டீர்கள். "தங்கச்சி ஊருக்குக் கிளம்பற இடம்" என்று பதில் வந்தது.

"ஓ" என்றீர்கள்.

அந்த "ஓ" எவ்வளவு நீளம் இருந்தது?