மாமனார் எழுதிய நற்சான்று

நேரில் பொய் சொல்ல எனக்கு வராது, முகம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஆங்கிலத்தில் டைப் அடிக்கச் சொன்னால் கூசாமல் சொல்வேன். இந்தத் திறமையை முப்பத்தி நாலாவது வயதில், வேலை போன பிறகுதான் கண்டுபிடித்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு மசாலா கம்பெனியின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். ஆட்குறைப்புப் பட்டியலில் என் பெயரும் வந்தது. மனைவி செல்விக்குக் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததால், சுருளிப்பட்டியில் மாமனார் வீட்டிலேயே வந்து தங்கினோம். (வீட்டோட மாப்பிள்ளை என்று என் காதுபட யாரும் சொல்லவில்லை. நான் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தார்கள்.)

விடிந்ததும் மாமாவோடு திராட்சைத் தோட்டத்துக்குப் போவேன். கொடி கட்டுவேன், மருந்தடிப்பேன். பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து வேலை தேடுவேன். இப்படியே ஏழு மாதம். விண்ணப்பித்த இடங்களிலிருந்து ‘மன்னிக்கவும்’ என்றுகூட ஒருவரும் எழுதவில்லை.

மச்சினன் பாண்டிதான் நோயைக் கண்டுபிடித்தான். வேலை தேடுகிறவர்களும் கொடுக்கிறவர்களும் கூடுகிற இணையதளத்தில் என் பக்கத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான்.

“என்ன மச்சான், எழவு வீடு மாதிரி கெடக்கு? போட்டோ இல்ல, பதவி இல்ல, ஒங்களப் பத்தி நாலு பேரு நல்லதா எழுதல. இதப் பாத்து எவன் வேல குடுப்பான்?”

அன்றைக்கே சீரமைப்பைத் தொடங்கினோம். கம்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கும். இந்த வட்டாரத்தில் ஜாதகத்தோடு போகிற மாப்பிள்ளைப் படங்களில் பாதிக்கு அதே கோட்டுதான். எனக்கு அது தொளதொளவென்று இருந்ததால் முதுகுப்பக்கம் துணிக் கிளிப் போட்டு இறுக்கிப் படம் எடுத்தார்கள். பெயருக்குக் கீழே ‘ஆலோசகர், மசாலா மற்றும் பழ ஏற்றுமதி’ என்று ஆங்கிலத்தில் ஏற்றினேன். தோட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மிச்சம் இருந்தது நற்சான்று. கூட வேலை பார்த்தவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். வேலை போன வெட்கத்தில் அவர்கள் யாருக்கும் நான் போன் செய்வதே இல்லை. பாண்டி அசரவில்லை. எங்கள் பக்கம் காதுகுத்துக்கு ஃபிளக்ஸ் அடித்தால் சொந்தபந்தம் அத்தனை பேர் படமும் அதில் இருக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. அந்த முறைப்படியே மாமா, பெரியப்பா, சித்தப்பா, உரக்கடை அண்ணன் என்று பதினெட்டுப் பேரை அந்தத் தளத்தில் சேர்த்துவிட்டான். என் நிர்வாகத் திறமைக்கு எல்லோரும் சாட்சி சொன்னார்கள்.

ஒவ்வொரு நற்சான்றையும் நான் பார்த்து அனுமதித்தால்தான் பக்கத்தில் ஏறும். நான் மருந்து டிரம்மைக் கலக்கிக்கொண்டே மறு கையால் செல்லில் அனுமதித்துக்கொண்டிருந்தேன். மாமா தமிழில் நீளமாக எழுதியிருந்தார். வாழ்த்துதானே என்று அதையும் அனுமதித்துவிட்டேன். வாசிக்கவில்லை.

பத்தே நாளில் கொச்சியிலிருந்து ஓர் ஏற்றுமதி நிறுவனம் வீடியோ நேர்காணலுக்கு அழைத்தது. செல்வி அந்த மின்னஞ்சலை மூன்று முறை வாசித்தாள். உடனே என் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். இந்த வேலையை அவள் எவ்வளவு நம்பியிருக்கிறாள் என்று அவள் தேய்த்த தேய்ப்பில் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

நேர்காணல் அன்று ஸ்டுடியோ கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். வீட்டார் எல்லோரும் உள்ளே இருமலைக்கூட அடக்கிக்கொண்டு இருந்தார்கள். திரையில் நடுத்தர வயது அம்மா ஒருவர். இருபது நிமிடம் ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டினேன்.

“இப்போது எத்தனை நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“ஐந்தாறு” என்றேன். முகம் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தமிழுக்கு மாறினார். “நான் பாலக்காட்டுக்காரி. தமிழ் வாசிக்கத் தெரியும். உங்க மாமனார் எழுதினதை வாசிக்கட்டுமா?”

வாசித்தார்.

“எங்க மாப்ள தங்கமான மனுசன். வேல போயி ஏழு மாசமாச்சு. மொகத்துல காட்டிக்கிற மாட்டாக. விடிய என்கூடத் தோட்டத்துக்கு வந்துருவாக. மொத வாரம் கையெல்லாம் கொப்புளம். துண்டுக்குள்ள மறச்சுக்கிட்டாக, நான் பாத்துட்டேன். எந்த வேல குடுத்தாலும் செய்வாக. நம்பிக் குடுக்கலாம்.”

நான் வாய் திறப்பதற்குள் உள்கதவு திறந்தது. தன் எழுத்தைக் கொச்சியில் ஒருவர் சத்தமாக வாசிக்கிற பூரிப்பில், மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேமராவுக்குள் குனிந்தார்.

“அது நாந்தான் தாயி. செல்லுல பேசிப் பேசி எழுதுனேன்.”

“அப்போ இவர் ஆலோசகர் இல்லையா?”

“ஆலோசனையா? இவுககிட்டயா?” மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தக் கொடிய வெட்டணும்னு இவுக சொன்னா, நான் பக்கத்துக் கொடிய வெட்டுவேன் தாயி. ஆனா வேல நல்லாச் செய்வாக.”

அவரை அப்புறப்படுத்த எழுந்து திரும்பினேன். என் முதுகும் அதில் வரிசையாக நின்ற கிளிப்புகளும் கொச்சிக்குத் தெரிந்தன. அந்த அம்மா “ஒரு நிமிஷம்” என்று சொல்லிக் கேமராவை அணைத்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அவர் சிரித்த சிரிப்பு எங்கள் வீடு முழுக்கக் கேட்டது.

அந்த வேலை கிடைக்கவில்லை. செல்வி தேய்த்த சட்டையை மடித்து மறுபடி பீரோவில் வைத்தாள், அதுதான் அதிகமாக வலித்தது. இரண்டு நாள் மாமாவோடு பேசாமல் கொடி கட்டினேன். மூன்றாம் நாள் அவர் எழுதியதை நானே உட்கார்ந்து வாசித்தேன். பதினெட்டுப் பேரில் உண்மையில் என்னோடு வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் ஒளித்த கொப்புளத்தை அவர் பெருமையாக எழுதியிருந்தார். அழுகை வந்தது. (தோட்டத்தில் மருந்து நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.)

ஆலோசகரையும் கோட்டுப் படத்தையும் பதினேழு நற்சான்றுகளையும் நீக்கினேன். ‘திராட்சைத் தோட்டத்தில் வேலை’ என்று சேர்த்தேன். நாலு மாதம் கழித்துத் தேனியில் ஒரு பழக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. முதல் நாள் முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஒங்க மாமனாரு நல்லாருக்காகளா?”

வீட்டில் இன்றும் எந்தச் சேலை எடுப்பது, எந்த பஸ்ஸில் போவது என்று எது வந்தாலும் “ஆலோசகரக் கேளுங்க” என்பார்கள். நான் சொன்னதும் அதற்கு நேர்மாறாகச் செய்வார்கள்.

போன மாதம் பாண்டி மகளுக்குக் காதுகுத்து. ஃபிளக்ஸ் அடிக்க நானே கடைக்குப் போனேன். மாமா படத்துக்குப் பக்கத்தில் என் படத்தை வைத்துவிட்டு, “பேருக்குக் கீழ என்னண்ணே போடட்டும்?” என்று கடைக்காரர் கேட்டார். மேற்பார்வையாளர் என்று வாய்வரை வந்தது.

“முன்னாள் ஆலோசகர்னு போடுங்க” என்றேன்.