ஒரு நூல் இடைவெளி

எனக்குப் பயம் வந்தால் முதலில் உள்ளங்கை வியர்க்கும். அடுத்து, வாய் தன் இஷ்டத்துக்குப் பேசும். பெரம்பலூரில் பொறியியல் கடைசி ஆண்டு வைவா என்னும் வாய்மொழித் தேர்வு அன்று இரண்டும் ஒன்றாக நடந்தன.

ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வைவாவில் தேறினால்தான் அது நிலைக்கும். கிணற்று மோட்டாருக்குள் காந்தப்புலம் எப்படிப் பரவுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவதுதான் என் புராஜெக்ட். அளவெடுக்க, பாடாலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் செல்வம் அண்ணன் கடைக்குப் போனேன். சுற்றும் ரோட்டருக்கும் சுற்றாத ஸ்டேட்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன்.

"ஒரு நூல் போற எடந்தாம்மா," என்றார்.

நான் தச்சர் மகள். எங்கள் வீட்டில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்று போட்டுவிட்டேன். (மோட்டார் அங்கேயே பிரிந்து கிடந்தது. குனிந்து பார்த்திருக்கலாம். இன்ஜினியர் குனிவாளா?) கம்ப்யூட்டரில் காந்தப்புலப் படம் சிவப்பும் நீலமுமாக அழகாக வந்ததால் விடையும் சரி என்று நம்பினேன்.

வைவா எடுக்க வெளியூரிலிருந்து வந்த சார் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"லோடே இல்ல. ஏம்மா இவ்வளவு கரண்ட் இழுக்குது?"

வேலை போச்சு, அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தேன். வாய் முந்திக்கொண்டது. "புது மோட்டார் சார். போகப் போகப் பழகிடும்."

"ஏர் கேப் எவ்வளவு வச்சீங்க?"

"ஒரு நூல் சார்."

"எந்த நூல்?"

அப்போதுதான் உறைத்தது. செல்வம் அண்ணன் சொன்னது தையல் நூல். நான் இடைவெளியைப் பத்து மடங்கு கூட்டியதால்தான் மோட்டார் இவ்வளவு கரண்டை இழுக்கிறது.

"மாத்திட்டு இங்கயே ஓட்டுங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் என்று மாற்றினேன். இடைவெளி குறுகியதால் கம்ப்யூட்டர் அதைப் பொடிப்பொடிக் கட்டங்களாக வெட்டி ஆமை வேகத்தில் கணக்குப் போட்டது. சிறுவாச்சூர் காளிக்கு என் மொட்டையை வேண்டிக்கொண்டேன். முப்பது சதவீதத்தில் நின்றபோது அப்பாவின் மொட்டையையும் சேர்த்தேன். சார் கதவைத் திறக்கவும் கணக்கு முடியவும் சரியாக இருந்தது. கரண்ட் அடங்கியிருந்தது.

"இப்பதான் இது மோட்டார்," என்றார்.

தேறினேன். மொட்டைத் தலையோடுதான் வேலையில் சேர்ந்தேன். தனக்கு எதற்கு மொட்டை என்று கேட்ட அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னதுதான் தப்பு. இன்றும் நானும் கணவரும் சண்டை போட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தால், அப்பா நிதானமாகக் கேட்பார்.

"நடுவுல எந்த நூலு மாப்ள? தச்சு நூலா, தையல் நூலா?"

"தையல் நூல்தான் மாமா," என்று அவர் என் பக்கம் நகர்ந்து உட்காருவார்.