கறுப்பு மணலில சிவப்புச் சாறி

ஐஸ்லாந்துக் கதை எண்டவுடன எல்லாரும் கிட்ட வந்திட்டியள். பனிக்கரடி வரும், எரிமலை வெடிக்கும், வானத்தில பச்சை வெளிச்சம் ஆடும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறியள். கரடி இல்லை. பச்சை வெளிச்சம் வந்த நேரம் ஆள் நித்திரை. எரிமலை ஒண்டு இருந்தது. அது இஞ்ச ஜேர்மனியில, வுப்பர்டாலிலயிருந்து கூட்டிக்கொண்டு போனது.

ஆள், எங்கட தம்பித்துரை அண்ணை. எரிமலை, மனிசி கலாதேவி அக்கா. வீட்டு முன்னறையில வைச்சுச் சாறி விக்கிறவ.

அண்ணை காலமெல்லாம் சாமத்தியவீடு, பிறந்தநாள் எண்டு சனத்தின்ர பல்லைப் படமெடுத்துக் களைச்ச மனிசன். ஒருநாள் புட்டைக் குழைச்ச கையோட சபதம் எடுத்தார்.

"ஐஸ்லாந்தில நாலு பக்கமும் போறன். வெறும் இயற்கை. ஒரு மனிச மூஞ்சியும் என்ர கமராவுக்க வராது. பிறகு இஞ்ச மண்டபத்தில கண்காட்சி."

"ஆர் வந்து பாக்கிறது?"

"மண்டபம் நிறையாட்டி கமராவை வித்துப்போடுவன்."

"அப்ப நானும் வாறன்."

"நீர் வந்தா படத்துக்க நிப்பீர்."

"தூரத்தில, முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறன். மூஞ்சிதானே வரக்கூடாது? மலை எவ்வளவு பெரிசெண்டு சனத்துக்குத் தெரிய வேண்டாமே?"

அண்ணை யோசிச்சார். ஞாயம்தான். அதோட, மனிசியைச் சொன்ன இடத்தில நிக்க வைக்கலாம். கட்டின நாளிலயிருந்து கிடைக்காத பாக்கியம்.

அங்க போய் இறங்கி அக்காவின்ர பெட்டியைத் திறந்து பாத்தார். முழுக்கச் சாறி.

"என்னப்பா இது? விறைச்சுப் போவீர்."

"உள்ளுக்கக் கம்பளிக் காற்சட்டை போட்டிருக்கிறன். நீங்கள் படத்தைப் பாருங்கோ."

தெற்கில கறுப்பு மணல், அதில அரக்குச் சிவப்பு. மேற்கில அருவி, மாம்பழ மஞ்சள். வடக்கில குதிரைக்குப் பக்கத்தில மயில்நீலம். கிழக்கில காத்து சாறித் தலைப்பைத் தூக்க, அக்கா அதை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிக்க, ரோட்டால போன வெள்ளைக்காரர் காரை நிப்பாட்டிப் பாத்தினம்.

"தலைப்பை மடியும், மலை மறையுது."

"மலை எங்க ஓடப்போகுது? எடுங்கோ."

கண்காட்சி நாள். மண்டபக் கதவைத் திறந்த அண்ணை அப்பிடியே நிண்டிட்டார். உள்ளுக்கக் கால் வைக்க இடமில்லை. பொம்பிளையள் படத்தில மூக்கு முட்ட நிக்கினம். அண்ணைக்குக் கண் கலங்கிப்போச்சு.

"பாத்தீரே? கலையெண்டா சனம் தானா வரும்."

"ஓமப்பா," எண்டா அக்கா. அவ்வளவு பணிவா. அந்தப் பணிவிலயே அண்ணை முழிச்சிருக்க வேணும்.

முழிக்கேல்லை. மைக்கைப் பிடிச்சார். "இந்தக் கறுப்பு மணல் இருக்கே, இது எரிமலைக் குழம்பு ஆறி..."

மூலையில தன்ர மனிசியின்ர கோட்டைக் காவிக்கொண்டு நிண்ட சிவகுருநாதனுக்குக் கால் உளைஞ்சிருக்க வேணும்.

"அண்ணை, மணலை விடுங்கோ. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு உடுக்க, அக்கா வட்ஸ்அப்பில போட்ட சாறியளை இஞ்ச படத்தில பெரிசாப் பாத்து வாங்கத்தான் இவ்வளவு சனமும் வந்தது. அந்தச் சிவப்பு இன்னும் கிடக்கோ, முடிஞ்சுதோ? அதைச் சொன்னியளெண்டா நான் வீட்ட போயிடுவன்."