வெங்காயத்துக்குள் நாகமுட்டை

கொக்குவிலில் ஏரம்புச் சாமியாரின் வளவுக்கு யாரும் வழி கேட்பதில்லை. கழுத்தில் சிவப்புத் துணி சுற்றிய ஒருவர் சைக்கிளில் போவார். அவருக்குப் பின்னால் போனால் போதும்.

போரால் யாழ்ப்பாணம் முழுவதும் மின்சாரமின்றி, ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சாமியாரின் வளவில் மட்டும் பெற்றோமக்ஸ் எரிந்தது. அது அவருடைய நெற்றிக்குள் இருக்கும் நாகரத்தினத்தின் ஒளி என்று பேசிக்கொண்டார்கள். ஆளுக்கொரு போத்தல் மண்ணெண்ணெய் காணிக்கை கொடுத்துவிட்டு வந்தவர்களே அப்படிப் பேசியதுதான் விசேஷம்.

கழுத்தில் எந்தக் கட்டி வந்தாலும் சாமியாருக்கு நோய் ஒன்றுதான். நாகமுட்டை. புற்றை மிதித்தவர் தூங்கும்போது நாகம் வந்து கழுத்துக்குள் முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். கத்தி வைத்தால் முட்டை நெஞ்சுக்குள் இறங்கிவிடும். சாமியார் பப்பாசிக் குழலை வைத்து உறிஞ்சி, முட்டையைச் செம்புக்குள் துப்புவார். கட்டியை மட்டும் யாரும் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. சாமியாரும் பார்க்கமாட்டார். அந்தச் சிவப்புத் துணிக்கு மேலாகத்தான் வைத்தியம்.

முட்டை போன பிறகும் கட்டி இருந்தால்? அது வெறும் கூடு, தானாகக் கரையும். கரையாவிட்டால்? நீ மீன் தின்றிருப்பாய். பிறவியிலிருந்தே மீன் தொடாதவன் என்றால்? பக்கத்து வீட்டில் பொரித்திருப்பார்கள்.

சுன்னாகம் இராசநாயகத்துக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது. வெங்காயத் தோட்டத்தையும் குடும்பப் பெருமையையும் ஒரே கவனத்தோடு களை பிடுங்கி வளர்த்த மனிதர் அவர். ஆவணியில் மகள் இராசமலருக்குக் கலியாணம். பங்குனியில் அவள் கழுத்தின் வலப்பக்கம் ஒரு கட்டி எழும்பியது.

"எங்கடை பரம்பரையிலை ஒருத்தருக்கும் கழுத்திலை ஒண்டும் வந்ததில்லை," என்றார் மனைவி பத்மாசினியிடம், கட்டியை அவள் சீதனமாகக் கொண்டு வந்தது போல.

"உங்கடை அப்பாவுக்கு இருந்த கனம் கழுத்துக்கு மேலை. அதுதான் உங்களுக்குத் தெரியேல்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவம்."

"போனால் வெட்டுவாங்கள். தாலிக்கொடி ஏறுற கழுத்திலை தழும்போ? சோமசேகரத்தார் காதிலை விழுந்தால் சம்பந்தம் போச்சு. ஏரம்புச் சாமியிட்டைத்தான் போறது."

சோமசேகரத்தார் மாப்பிள்ளையின் தகப்பன். குற்றம் கண்டுபிடிப்பதில் பேர் போன குடும்பம்.

இராசமலர் கணக்கு ரீச்சர். தகப்பனோடு தர்க்கம் பண்ணுவதே அவளுடைய வழக்கம். இந்த முறை, "ஓம் அப்பா, சனிக்கிழமை பின்னேரம் போவம்," என்றாள். இராசநாயகம் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். பெருமைப்பட்டார்.

சனிக்கிழமை காலமை தாயும் மகளும் கோயிலுக்கென்று போய், வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். பின்னேரம் மகள் சிவப்புத் துணியைத் தானே சுற்றிக்கொண்டு தகப்பனுடைய சைக்கிளில் ஏறினாள்.

வளவு நிறையச் சனம். மேலே குண்டு போடும் பொம்பர் ஒன்று வட்டமடித்தது. எங்கே சத்தம் கேட்டாலும் பதுங்குகுழிக்குப் பாய்கிற மனிதர்கள், வரிசை குலைந்துவிடும் என்ற பயத்தில் நின்ற இடத்திலேயே குந்தினார்கள். உயிர் போனால் போகட்டும், இடம் போகக்கூடாது.

பொம்பர் போன பிறகு எழும்பிய இராசநாயகத்தின் முன்னால் சோமசேகரத்தார் நின்றார். சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளி மஃப்ளர்.

"தடிமன், ஒரே தும்மல்," என்றார் சோமசேகரத்தார், கேட்காமலே.

"பிள்ளைக்கும் தடிமன்தான்," என்றார் இராசநாயகம். "உந்தக் காத்துச் சரியில்லை."

"ஓம், ஓம். காத்துத்தான்."

காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை.

இராசமலரின் முறை வந்தது. சாமியார் துணிக்கு மேலாக விரலால் அமத்திப் பார்த்தார். முகம் கறுத்தது. "கிழட்டு நாகம். பிந்தி வந்திருந்தால் பிள்ளை தப்பாது," என்றார். குழலை வைத்தார். உறிஞ்சினார். உடம்பை முறுக்கினார், உறுமினார். கடைசியில் செம்புக்குள் 'டிங்' என்றது. வெள்ளை வெளேரென்று ஒரு சின்ன முட்டை. சனம் கையெடுத்துக் கும்பிட்டது. இராசநாயகத்துக்குக் கண் கலங்கியது.

"முழுக்க எடுத்தாச்சோ, சாமி?" என்று கேட்டாள் இராசமலர்.

"வேரோடை எடுத்தாச்சு."

"என்ரை கழுத்துக்குள்ளை இருந்துதானே?"

"பின்னை, என்ரை கழுத்துக்குள்ளை இருந்தே?"

அவள் துணியை அவிழ்த்தாள். நூலால் கட்டியிருந்த ஒரு வெங்காயம் மடியில் விழுந்து உருண்டது. கழுத்து மட்டமாக இருந்தது. அதில் ஒரு துண்டுப் பிளாஸ்ரர்.

"காலமை அம்மாவோடை ஆஸ்பத்திரிக்குப் போனனான். டொக்டர் ஊசியாலை இழுத்தார். முட்டையும் இல்லை, கிட்டையும் இல்லை, பச்சைத் தண்ணி. தைரொயிட்டுக்குப் பக்கத்திலை இருக்கிற சின்னச் சுரப்பியிலை நீர் கட்டினதாம். சிலருக்கு நெஞ்சுக்குள்ளை இருக்கிற சுரப்பியிலையும் வருமாம். ஆபத்தில்லை, ஆனால் அபூர்வமாம். திரும்ப ஊறினால் வெட்டலாம், தழும்பு கழுத்து மடிப்புக்குள்ளை மறைஞ்சிடுமாம். அப்ப நீங்கள் எதுக்குள்ளை இருந்து எடுத்தனீங்கள், சாமி?"

ஏரம்பு வெங்காயத்தைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார்.

"வெங்காயத்துக்குள்ளை இருந்துதான்," என்றார். "காலம் கெட்டுப் போச்சு. நாகம் இப்ப வெங்காயத்திலையும் இடுது."

சுன்னாகத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் பதறி எழும்பினார்கள். "ஐயோ, என்ரை கொட்டில் நிறைய வெங்காயம் கிடக்குது சாமி," என்றார் ஒருவர். சாமியார் பிழைத்துவிட்டார் என்றே தோன்றியது.

அந்த நேரம் செம்புக்குள் முட்டை வெடித்தது. உள்ளே இருந்து நாகம் வரவில்லை. வாலை நெளித்துக்கொண்டு ஒரு பல்லிக்குஞ்சு விளிம்பில் ஏறி எட்டிப் பார்த்தது.

சாமியார் கூரையைப் பார்த்துக் கும்பிடுவது போலப் பின்வாங்கினார். வேட்டி மடிப்பிலிருந்து மேலும் இரண்டு முட்டைகள் விழுந்தன. பிறகு அவர் கும்பிடவில்லை. ஓலைக் கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினார்.

இராசநாயகம் தலை குனிந்து நின்றார். கட்டி, ஆஸ்பத்திரி, வெங்காயம் எல்லாம் சம்பந்திக்கு முன்னாலேயே அவிழ்ந்து போயிற்று. இனி என்ன கலியாணம்?

சோமசேகரத்தார் மெதுவாக மஃப்ளரைக் கழற்றினார். தொண்டையில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி.

"என்ரை முட்டையை உவன் போன மாதமே எடுத்திட்டான். கூடு கரையேல்லை. மீன் திண்டனான் எண்டு பேச்சும் வாங்கினனான்," என்றார். "பிள்ளை, அந்த டொக்டர் எப்ப இருப்பார்?"

"திங்கக்கிழமை, மாமா. எல்லாக் கட்டியும் ஒண்டில்லை. காட்டினால்தான் என்னெண்டு தெரியும்."

'மாமா' என்ற சொல் காதில் விழுந்ததும் இராசநாயகத்தின் முதுகு நிமிர்ந்தது.

"கேட்டனீங்களே, அபூர்வமாம்," என்றார் சம்பந்தியிடம். "எங்கடை குடும்பத்துக்குக் கண்ட நிண்ட கட்டியெல்லாம் வராது."

பல்லிக்குஞ்சு செம்பிலிருந்து குதித்து அவருடைய வலது காலில் ஏறி ஓடியது.

"வலது கால்," என்றார் பின்னால் நின்ற ஒருவர். "ஆரிட்டையாவது பஞ்சாங்கம் இருக்கோ? பலன் என்னெண்டு பாப்பம்."

காணிக்கைப் போத்தலைத் திருப்பி எடுக்க வந்தவர்கள்கூட அதை வைத்துவிட்டுப் பஞ்சாங்கம் தேடினார்கள். இராசநாயகமும் வாய் திறந்தார். மகள் அந்த வெங்காயத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கழுத்துக் கட்டிக்கு ஆஸ்பத்திரியில் ஊசி இருக்கிறது. கழுத்துக்கு மேலே உள்ளதற்கு ஊசி இல்லை, ஐயா. அதை அவரவர்தான் கொஞ்சம் பாவித்துப் பார்க்கவேண்டும்.