பொய் சொல்லத் தெரியாத ஸ்பீக்கர்கள்

பாட்டு முடிந்தது. மேசையின் இரண்டு ஓரத்திலும் நின்றிருந்த சின்னக் கறுப்பு ஸ்பீக்கர்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி உங்கள் பாடு என்பதுபோலப் பச்சை விளக்கை எரியவிட்டபடி இருந்தன.

சகலைதான் முதலில் தொண்டையைச் செருமினார். "எங்கேயோ இடிக்குதே, தம்பி."

எங்கே இடிக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஒலிப்பதிவுதான் அவன் பிழைப்பு. வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, அதையே ஒலிக்கூடமாக்கி வைத்திருந்தான். பல்லவியின் இரண்டாம் அடியில் குரல் சுருதியிலிருந்து லேசாகக் கீழே இறங்கியது. சரணத்தில் இறங்கியதோடு நிற்காமல் அங்கேயே குடியேறிவிட்டது. பாடியவர் சகலையின் மனைவி, அதாவது அவன் மனைவியின் கூடப்பிறந்த அக்கா. பாட்டை எழுதி மெட்டும் போட்டவர் சகலை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவன் மனைவி. இந்த மூன்று பேர் நடுவே உண்மையைப் பேசிவிட்டு, பிறகு அதே வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுக் கைகழுவ முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

சகலை ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் மேலாளர். நிறுவனத்தின் ஆண்டு விழாவில் ஒலிபரப்புவதற்காக அந்தப் பாட்டை எழுதியிருந்தார். 'ஏறும்போது கதவை மூடு, இறங்கும்போது மனசைத் திற' என்பது பல்லவி. அதில் தத்துவமும் இருக்கிறது, பாதுகாப்பு அறிவுரையும் இருக்கிறது என்பது அவர் கருத்து. அதைத் தன் மனைவிதான் பாட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூட மேடையெல்லாம் ஏறிப் பாடியவள், தன்னைக் கட்டிக்கொண்டதால் அடுப்படியோடு முடங்கிவிட்டாள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல். அக்கா அதிகம் பேசாதவர். எனக்கெதற்கு இதெல்லாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்ததைச் சகலை கூச்சத்தில் சேர்த்துவிட்டார்.

இப்போது அக்கா ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றபடி மெல்லக் கேட்டார். "நல்லா இல்லதானே, தம்பி?"

மனைவி அவனைப் பார்த்தாள். பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் அந்தப் பார்வைக்கு அகராதியே தேவையில்லாமல் போயிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்குக்கா," என்றான். "ஸ்பீக்கர்தான் புதுசு. இன்னும் பழகலை."

சொல்லும்போதே நாக்கு கூசியது. அந்த ஸ்பீக்கர்கள் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. இத்தனை காலம் இருந்த பழைய ஸ்பீக்கர்கள் எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் இனிப்புத் தடவித்தான் வெளியே விடும். இவை அப்படியில்லை. நிமிர்த்தி வைத்த செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஆனால் பாடகர் எச்சில் விழுங்கினால் அதையும் சொல்லிவிடும். அந்த நேர்மைக்காகவே ஆசைப்பட்டு வாங்கினான். நேர்மையான சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு, இவன் குடிகாரன் என்று சொன்ன மாதிரி இருந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் சகலைக்கு இளவயதில் ஆம்ப்ளிஃபயர் கட்டிய அனுபவம் உண்டு. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் எங்கே என்று கேட்டார்.

உள்ளேயே இருக்கிறது என்றான். பெட்டிக்கு இரண்டு, மேலே இருக்கிற சின்ன வட்டத்துக்கு ஒன்று, கீழே இருக்கிற பெரிய வட்டத்துக்கு ஒன்று. கீச்சுக் குரலையும் கட்டைக் குரலையும் முதலிலேயே பிரித்து, அதனதன் ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைத்துவிடும்.

"இந்த டப்பாக்குள்ளயா? அப்போ சூடு எங்கே போகும்?"

தொழில் என்று வந்துவிட்டால் அவனுக்கு வாய் நிற்காது. பழைய வகை ஆம்ப்ளிஃபயர் பாதி திறந்த குழாய் மாதிரி எப்போதும் மின்சாரத்தை வழியவிட்டுக்கொண்டே இருக்கும், வீணானதெல்லாம் சூடாகும். இது அப்படியில்லை, திறந்தால் முழுக்கத் திறக்கும், மூடினால் முழுக்க மூடும். ஒரு வினாடிக்குள் லட்சக்கணக்கான தடவை இப்படித் திறந்து மூடும், அதனால்தான் தொட்டால் சில்லென்று இருக்கிறது என்று உற்சாகமாக விளக்கினான்.

சகலையின் முகம் தெளிந்தது. "ஒரு வினாடிக்கு லட்சம் தடவை கதவு திறந்து மூடுதுன்னா, எப்பவாவது ஒரு தடவை லேட்டாகும்ல? அங்கேதான் சுருதி கீழே போகுது. எங்க லிஃப்ட்லயும் இதே கதைதான், தம்பி."

அவனுக்கு மறுத்துப் பேச ஆயிரம் இருந்தது. ஆனால் ஸ்பீக்கரில் தப்பில்லை என்று நிரூபித்தால், தப்பு எங்கே என்ற கேள்வி அக்காவிடம் போய் நிற்கும். தலையை ஆட்டிவைத்தான்.

மறுநாள் காலை சகலை தன் நிறுவனத்து மெக்கானிக்குகள் இரண்டு பேரோடு வந்தார். அவர்கள் மூச்சுவாங்கத் தூக்கிவந்தது அவர் இளவயதில் தன் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயர். காஸ் சிலிண்டரைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. அதை இந்தச் சின்ன ஸ்பீக்கர்களோடு இணைக்க முடியாது, உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோகும் என்று பதறித் தடுத்தான். சகலை அதையும் யோசித்திருந்தார். மெக்கானிக்குகள் மறுபடி கீழே போய், இடுப்புயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களைத் தூக்கிவந்தார்கள். சின்ன ஸ்பீக்கர்கள் துணிமணி அலமாரியில், மனைவியின் சால்வைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தன.

பெரிய பெட்டிகளில் பாட்டைப் போட்டதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முழக்கத்தில் குரலே அமுங்கிவிட, சுருதி எங்கே போனது என்று யாருக்கும் கேட்கவில்லை. "பார்த்தியா, சரியாயிடுச்சு," என்று சகலை அவன் முதுகில் தட்டினார். அக்கா மட்டும், எதுவுமே கேட்கலையே என்று வருத்தமாகச் சொன்னார்.

சனியன் விட்டது என்று அவன் நினைத்தான். அன்று மதியம் ஒரு காப்பீட்டு விளம்பரத்தை முடித்துத் தர வேண்டியிருந்தது. அந்த முழக்கப் பெட்டிகளில்தான் கேட்டுச் செய்தான். கட்டைக் குரல் தாங்க முடியாமல் அதிர்ந்ததால் அதை வெட்டினான், இன்னும் கொஞ்சம் வெட்டினான். அறையும் அந்த ஆம்ப்ளிஃபயரின் சூட்டில் அடுப்படி மாதிரி ஆனதில், பனியனோடு உட்கார்ந்து வேலையை முடித்து அனுப்பினான். விளம்பர நிறுவனத்திலிருந்து உடனே போன் வந்தது. குடும்பத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர் ஏன் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிறார் என்று கேட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்பதையும் மரியாதையாகச் சொன்னார்கள்.

சின்ன ஸ்பீக்கர்களைச் சால்வைகளுக்குள்ளிருந்து மீட்டாக வேண்டும். அவன் வழி தேடிக்கொண்டிருந்தபோதே, சகலை அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஸ்பீக்கர் விற்ற கடைக்குப் புகார் சொல்லி ஆளை வரவழைத்துவிட்டார்.

வந்தவள் ஒரு பொறியாளர்ப் பெண். எல்லோரும் சுற்றி நிற்க, ஸ்பீக்கர்களை மேசையில் வைத்து, அளக்கும் ஒலிவாங்கியை நாற்காலியில் நிறுத்தி, கட்டையிலிருந்து கீச்சுவரை ஒரு நீள ஊளையை ஓடவிட்டாள். அவன் கணினித் திரையில் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராக வந்தது. எந்தப் பாட்டில் கோளாறு என்று கேட்டு, அதையும் போட்டுக் கேட்டாள். அவள் புருவம் மேலே போவதை அவன் பார்த்தான்.

"ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்ல சார். இது பாடினவங்க..."

"காபி குடிக்கறீங்களா?" என்றான் அவன், கொஞ்சம் அதிகச் சத்தமாக.

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவளைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போனான். வாசலில் வைத்து, இது குடும்ப விஷயம் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அவளுக்கும் வீட்டில் பாடுகிற சொந்தம் யாரோ இருந்திருக்க வேண்டும். சட்டென்று புரிந்துகொண்டு, உள்ளே போய்ப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வந்தால் சகலை அந்த நேர்க்கோட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். "ஸ்பீக்கர் சரியா இருக்கு. அப்போ தப்பு எங்கே?"

மனைவி தன் அக்காவின் பக்கம் போய் நின்றுகொண்டாள். அக்கா சின்ன வயசிலிருந்தே சுருதி பிசகாமல் பாடுகிறவர், தப்பு இந்த அறையில்தான் எங்கேயோ இருக்கிறது என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். அறைக்குள் இருந்த பொருட்களில் மிச்சம் ஒலிவாங்கிதான். அவன் அதன்மேல் பழியைப் போட்டான்.

ஒலிவாங்கியை மாற்றினான். அக்கா மறுபடி பாடினார். அதே இடத்தில், அதே அளவுக்குக் கீழே போனது. கம்பியை மாற்றினான். மறுபடி பாடினார். மறுபடி அதே பள்ளம். எத்தனையோ பேர் தப்பாகப் பாடி அவன் கேட்டிருக்கிறான். இவ்வளவு ஒழுக்கமாகத் தப்புச் செய்கிறவரை இப்போதுதான் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் பாடி முடித்ததும் அக்கா அதே பணிவோடு கேட்டார், நல்லா இல்லதானே என்று. ஒவ்வொரு தடவையும் அவன், அருமைக்கா என்றான்.

கடைசியில், சகலையையும் அக்காவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தொழிலில் தான் மனசார வெறுக்கிற காரியத்தைச் செய்ய உட்கார்ந்தான். குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருளைத் திறந்தான். அக்கா பாடிய ஒவ்வொரு அசையும் திரையில் புழு மாதிரி நெளிந்தது. ஒவ்வொரு புழுவாகப் பிடித்து, அது இருக்க வேண்டிய கோட்டுக்குத் தூக்கிவைத்தான். ஸ்பீக்கர்கள் பச்சை விளக்கோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் கண்ணைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

வேலை முடிந்து கேட்டபோது அவனே அசந்துபோனான். சுருதி சரியானதும் அந்தக் குரலில் அப்படி ஒரு குழைவு. கதவை மூடு என்று அவர் பாடினால் எழுந்து போய் மூடிவிடத் தோன்றியது.

மறுநாள் சகலையும் அக்காவும், பழைய ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி எடுத்துப்போக மெக்கானிக்குகளும் வந்தார்கள். சின்ன ஸ்பீக்கர்களில் பாட்டைப் போட்டான். சகலை முதல் சரணத்தில் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டாவது சரணத்தில் கைக்குட்டையை எடுத்தார். மனைவி, நான்தான் சொன்னேனே என்ற மாதிரி நிமிர்ந்து நின்றாள். இரண்டாம் அடியிலேயே திடுக்கிட்டு ஸ்பீக்கரைப் பார்த்த அக்கா, அப்புறம் பாட்டு முடியும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைப் பதிவு பண்ணிப் போடறது பாவம்," என்றார் சகலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நேரா மேடைல பாடட்டும். நானூறு பேரு கேட்கட்டும். இன்னும் நாலு பாட்டு எழுதி வெச்சிருக்கேன், அதையும் சேர்த்துப் பாடட்டும்."

அப்போதே போனை எடுத்து விழாக் குழுவுக்குச் சொல்லியும்விட்டார். பதிவு செய்த குரலைத் திருத்தலாம். மேடையில் நானூறு பேர் முன்னால் ஓடுகிற குரலைப் பிடித்து எந்தக் கோட்டில் தூக்கிவைப்பது? குடும்பத்து மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, வாயில்லாப் பூச்சி ஒருவரைக் கொண்டுபோய் நானூறு பேர் நடுவே நிறுத்தியாகிவிட்டது. சகலையிடம் சொன்னால் அவர் மனம் உடையும். ஆனால் அக்காவிடமாவது சொல்லியே ஆக வேண்டும். அவர் கோபித்துக்கொண்டாலும் சரி, மனைவி ஒரு மாதம் பேசாவிட்டாலும் சரி என்று முடிவு செய்தான்.

சகலையும் மெக்கானிக்குகளும் பழைய ஆம்ப்ளிஃபயரை வண்டியில் ஏற்றக் கீழே போனார்கள். மனைவி அதற்கு வழிகாட்டப் போனாள். அக்கா மட்டும் அறையில், காபித் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவன் கதவை லேசாகச் சாத்தினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இப்போ கேட்டது நீங்க பாடினது இல்ல. சுருதி விலகியிருந்துச்சு. நான்தான் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தா திருத்தினேன். மேடைல என்னால அதைச் செய்ய முடியாது. மன்னிச்சிடுங்க."

அக்கா கடைசித் தம்ளரையும் தட்டில் வைத்தார். ஒரு பெருமூச்சு விட்டார். கோபமில்லை, களைத்துப்போன குரல்.

"நல்லா பாடினா மேடை ஏத்திடுவாருன்னுதானே தம்பி, ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்து அரை சுருதி கீழே பாடினேன், அதைப் போய்ச் சரி பண்ணி வெச்சிருக்கீங்களே."