கூரைக்கு எடுத்த ஸ்கேன்

எங்கள் வீட்டுக் கீழறைக் கூரையில் வட்டமாக ஒரு ஒட்டுப்பூச்சு இருக்கிறது. பழைய ஃபேன் கொக்கி இருந்த இடம் என்று வருகிறவர்களிடம் சொல்லிவந்தேன். பொய். அது, கணக்கு வாத்தியாராகிய நான் கிராப் தாளை நம்பிப் போட்ட ஓட்டை.

மூன்று வருடத்துக்கு முன் மகள் கயல் தலைப்பிரசவத்துக்குப் பாலக்கோட்டுக்கு வரவிருந்தாள். கீழறையை அவளுக்கு விட்டுவிட்டு நானும் மனைவி சாந்தியும் மாடிக்குப் போவதாக ஏற்பாடு. மாடியில் கழிவறை கிடையாது. புதிதாகக் கட்டி, குழாயைக் கீழே இறக்க வேண்டும். அதற்குக் கான்கிரீட் தளத்தில் ஓர் ஓட்டை. கைவசம் பத்தே நாள்.

மேஸ்திரி மாதப்பன் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, "இங்க போட்டுறலாங்க சார்" என்றார். ஓசூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையோ, "உள்ள கம்பி, வயர் பைப்பு எல்லாம் ஓடும் மாமா. ஸ்கேன் எடுக்காம கை வெக்காதீங்க" என்று போனில் எச்சரித்தார்.

"ஸ்கேனுங்களா? காங்கிரீட்டு மாசமா இருக்குதுங்களா சார்?" என்றார் மாதப்பன். (விஞ்ஞானம் தெரியாத மனிதர் என்று மனதுக்குள் இரக்கப்பட்டேன்.)

ஓசூரிலிருந்து கீர்த்தனா என்ற இன்ஜினியர் வந்தார். மாடித் தரையில் ஓடு பதித்திருந்ததால் கீழிருந்தே பார்த்துவிடலாம் என்று சாரத்தில் ஏறி, இஸ்திரிப் பெட்டி போன்ற ஒரு கருவியால் கூரையைத் தேய்த்தார். கம்பிக்கு வெள்ளைக் கோடு, வயர் பைப்புக்குச் சிவப்புக் கோடு. இரண்டும் இல்லாத மூலையில் பச்சை வட்டம்.

"சார், வட்டத்துக்கு நடுவுல கீழிருந்தே சின்னதா ஒரு துளை போட்டு மேல அடையாளம் எடுத்துக்கங்க. அளவெடுத்து மேல குறிக்காதீங்க."

"இருபத்தாறு வருசமா ஜியாமெட்ரி நடத்தறேம்மா" என்றேன்.

அவர் போனதும் கயலின் கட்டிலில் மல்லாந்து படுத்து, கூரையை அப்படியே கிராப் தாளில் வரைந்தேன். 'வலது சுவரிலிருந்து ஒன்றே காலடி' என்று குறிப்பு வேறு. மறுநாள் காலை மாடியில் தாளை விரித்துவைத்து வலது மூலையைக் காட்டினேன்.

மாதப்பன் தலையைச் சொறிந்தார். "சார், இதுக்குக் கீழ கட்டிலு வருதுங்களே? வட்டம் அந்தப் பக்கமுல்லீங்களா இருந்துச்சு?"

"தாளைப் பாருங்க மேஸ்திரி. வலது."

பிறகு பத்து நிமிடம் அவருக்கு எக்ஸ் அச்சு, ஒய் அச்சு எல்லாம் நடத்தினேன். "நீங்க சொன்னா சரிங்க" என்று, தண்ணீர் விட்டு வட்டமாக அறுக்கும் மெஷினைப் போட்டார்.

பாதியில் சத்தம் கிறீச்சென்று மாறியது. "கம்பி மேல படுதுங்க."

"படாது. ஸ்கேன் எடுத்தாச்சு."

டப்பென்று மெஷின் நின்றது. கரண்ட் போய்விட்டது. இந்த ஊர் மின்சாரமே இப்படித்தான் என்று நான் திட்டிக்கொண்டிருக்கையில், எதிர் வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ வேறு யோசனை: எதிர் வீட்டிலிருந்து வயர் இழுத்து வேலையைத் தொடரச் சொன்னேன்!

கடைசியில் கீழே தொப்பென்று ஒரு சத்தம். கூடவே சாந்தியின் அலறல்.

குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். கயலுக்காகப் போட்ட புது மெத்தை முழுக்கச் சிமெண்டுத் தண்ணீர். தலையணையின் நடுவில் உருளையாக ஒரு கான்கிரீட் துண்டு. ஒரு நிமிடம் முன்புவரை சாந்தி அங்கே உட்கார்ந்து குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். குக்கர் விசிலடித்ததால் எழுந்து போயிருக்கிறாள்.

ஓட்டைக்கு நேர் கீழே அவள் முகம் வந்தது. "ஏனுங்க, புள்ள தலமாட்டுலதான் உங்க கக்கூஸ் பைப்ப எறக்குவீங்களா?"

கீர்த்தனாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"சார்... படுத்துக்கிட்டு வரைஞ்சீங்களா?"

"ஆமா."

"நின்னுக்கிட்டுப் படிச்சீங்களா?"

அண்ணாந்து பார்க்கும்போது வலப்பக்கம் இருப்பது, குனிந்து பார்க்கும்போது இடப்பக்கம் வரும். வருடா வருடம் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம்.

அவர் மறுபடி வந்தார். அறுந்த கம்பிக்குப் புதுக் கம்பி கட்டி ஓட்டையை அடைத்தார்கள், வயரை மாற்றினார்கள், சரியான மூலையில், கீழிருந்து சின்னத் துளை போட்டு ஆரம்பித்தார்கள். என்னை டீ வாங்க அனுப்பிவிட்டார்கள். கயல் வந்திறங்கியபோது அவள் அறையில் நாலு முட்டுக்கம்பங்கள் நின்றன. முதல் வாரம் முழுக்க ஹாலில் படுத்தாள். பக்கத்து வீட்டு அக்கா, "உங்க வூட்ல ஸ்கேன் எடுத்தாங்களாமே, என்ன சொன்னாங்க?" என்று விசாரிக்க, சாந்தி சொன்னாளாம்: "கூரைக்கு ஒண்ணுமில்லீங்க. வாத்தியாருக்குத்தான் எடுக்கணும்."

பேத்திக்கு இப்போது மூன்று வயது ஆகப் போகிறது. தானாகச் செருப்புப் போடப் பழகுகிறாள். சாந்தி சொல்லிக்கொடுத்திருக்கிறாள்: "தாத்தா எந்தக் கால்னு சொல்றாரோ, அதுக்கு அடுத்த கால்ல போடு கண்ணு."

நான் சரியாகத்தான் சொல்கிறேன். அவள் மாற்றி மாட்டிக்கொண்டு தெரு முழுக்கத் தத்தித் தத்தி ஓடுகிறாள். வீட்டில் ஒருவரும் திருத்துவதில்லை.