சாலை இருப்பதாகச் சொல்லப்படும் தெரு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட இடம், சாலைத் துறையின் ஆவணங்களின்படி, முதல் தரமான தார்ச்சாலை ஆகும். அது போன வருஷம்தான் போடப்பட்டது. அதற்கு முந்தின வருஷமும் போடப்பட்டது. இரண்டு தடவையும் தெருவில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை என்றால், அது தெருவாசிகளின் கவனக்குறைவே தவிரத் துறையின் குற்றமாகாது.

அந்த அம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். சக நர்சுகளே மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு வந்துவிடும்படி சொல்லி அனுப்பினார்கள். உடைந்தது இடது கைதான். வார்டில் எழுத்து வேலைக்கு வலது கை போதும் என்பது நிர்வாகத்தின் கருத்து. போவது எப்படி என்பதைப் பற்றி நிர்வாகத்துக்குக் கருத்தில்லை. வாடகைக் கார்க்காரர்கள் தெருவின் பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிடுவார்கள். கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகலாம் என்றால், அவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு மிச்சமிருக்கிற கையும் மிஞ்சாது என்று அந்த அம்மாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய ஜீப்பு கிடந்தது. அம்மாளின் அப்பா நிலம் அளக்கிறவர். காடு மேடெல்லாம் அதில்தான் சுற்றினார். அவர் காலத்துக்குப் பிறகு வண்டி மகனுக்குப் போயிருக்க வேண்டும். மகனோ, அப்பாவின் ஞாபகம் அக்காவிடம் இருப்பதுதான் அழகு என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான். அவன் வீட்டில் நிறுத்த இடமில்லை. அன்றிலிருந்து அது தார்ப்பாய்க்கு அடியில், பூனைகளின் பிரசவ விடுதியாகச் செயல்பட்டு வந்தது.

கடைக்காரர் அதைச் சரிசெய்வதென்று இறங்கினார். கடுகைவிடச் சின்னத் திருகாணிகளோடு காலம் தள்ளியவர் அவர். ஜீப்பின் முதல் போல்ட்டைக் கழற்றியதும் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடி போடாமலே தெரிகிற திருகாணி உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். தினமும் கடைக்குக் கிளம்புமுன் முன்பக்கத்துக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்ப்பார். அது அசையாது, அவர்தான் அசைவார். ஒரு நாள் காலையில் அது அரை அங்குலம் நகர்ந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நல்ல கையால் மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாடி இருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு கடைக்காரரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. எலி தின்ற ஒயர்களை மாற்றினார். துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கண்ணாடி துடைக்கிற பிரஷ்ஷால் துடைத்தார். வீட்டார் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். பிரேக் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால், அம்மாள் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இவர் கீழே படுத்துக்கொண்டு "அழுத்து, பிடிச்சுக்கோ, விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை அம்மாள் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு சாயங்காலம்தான்.

பழைய ஸ்பிரிங் பட்டைகளோடு வண்டியைத் தெருவில் இறக்கியதும் அடிவயிறு தட்டி நின்றுவிட்டது. ஆகவே உயரமான பட்டைகளும் பெரிய டயர்களும் போட வேண்டியதாயிற்று. இந்தக் கட்டத்தில்தான் மச்சினன் வந்து சேர்ந்தான். அவன் ஒரு கரடுமுரடு வண்டிச் சங்கத்தில் உறுப்பினன். விடுமுறை நாட்களில் சேற்றில் வண்டி ஓட்டுவது அந்தச் சங்கத்தின் கொள்கை. மழையில்லாத மாதங்களில் தண்ணி லாரி வரவழைத்துச் சேறு தயாரித்துக்கொள்வார்கள். அவன் யோசனைப்படி கூரை மேல் வரிசையாக விளக்குகளும், முன்னால் இழுவைக் கம்பி சுற்றிய உருளையும், ஆற்றில் மூழ்கினாலும் இஞ்சின் மூச்சுவிடுவதற்காக ஒரு புகைபோக்கி மாதிரியான குழாயும் ஏறின. ஊரில் ஆறு கிடையாது. ஆனால் அந்தக் குழாய் இல்லாத வண்டியை இந்தக் காலத்தில் யாரும் மதிப்பதில்லை என்று மச்சினன் சொன்னான்.

வண்டி கம்பீரமாக வாகன அலுவலகத்துக்குப் போனது. வாகன ஆய்வாளர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், உயரத்தை அளந்தார். பிறகு கண்ணாடிக் கடைக்காரரின் தோளில் கைவைத்து, வேலை பிரமாதமாக இருப்பதாகவும் அதுதான் பிரச்சினை என்றும் சொன்னார். விதி தெளிவாக இருந்தது: ஒரு வண்டியின் தன்மை, அது நிறுத்தப்படும் முகவரியிலுள்ள சாலையின் தன்மைக்குப் பொருந்த வேண்டும். இது சாலையில்லாத இடத்துக்கான வண்டி. இவருடைய முகவரியில் முதல் தரமான சாலை இருக்கிறது. ஆகவே அனுமதி இல்லை. உயரத்தைக் குறைத்துக் கொண்டுவந்தால் உடனே அனுமதி.

"குறைச்சா தெருவை விட்டு வெளியவே வராது சார்," என்றார் கடைக்காரர்.

"வெளிய வராத வண்டிக்கு எதுக்கு அனுமதி?" என்றார் ஆய்வாளர். ஆனாலும் அவர் இரக்கமுள்ள மனிதர். சாலை இல்லை என்று சாலைத் துறையிடம் சான்றிதழ் வாங்கி வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்தார்.

சாலைப் பொறியாளரின் அறையில் அந்தத் தெருவின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் சாலை கறுப்பாக, நேராக, கண்ணைப் பறிப்பதாக இருந்தது. பொறியாளர் கடைக்காரரை உட்காரவைத்து, குறையை முழுவதும் கேட்டார். சாலை இல்லையென்று எழுதித் தர சாலைத் துறை எதற்கு என்று வருத்தத்தோடு கேட்டார். பிறகு விசாரணையைத் தொடங்கினார்.

"உங்க மனைவி எங்க விழுந்தாங்க?"

"பள்ளத்துல சார்."

"பள்ளம் எதுல இருந்துச்சு?"

கடைக்காரர் யோசித்தார். "ரோட்டுல," என்றார்.

"அவ்வளவுதான்," என்றார் பொறியாளர். ஆஸ்பத்திரிக் குறிப்பிலும் சாலை விபத்து என்றுதான் எழுதியிருக்கும் என்றும், அந்த அம்மாளின் எலும்பு முறிவைவிடச் சாலைக்கு வேறு வலுவான சாட்சி தேவையில்லை என்றும் விளக்கினார். இல்லாத சாலையில் யாரும் விழ முடியாது. கடைக்காரர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். எதற்கு நன்றி சொன்னோம் என்பது படியிறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் அந்த அம்மாளே கட்டுப்போட்ட கையோடு வாகன ஆய்வாளரிடம் போனார். நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுகிற டாக்டரை எங்கள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று மட்டும் சொன்னார். ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. அலுவலகக் காரிலேயே நேரடி ஆய்வுக்குப் புறப்பட்டார். சலவைக் கடை வாசலில், மழைத்தண்ணீர் நிரம்பி ஒன்றும் தெரியாத ஓரிடத்தில், கார் முன்பக்கமாக இறங்கி நின்றது. கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே வந்தது. திறக்காவிட்டாலும் வந்தது.

கடைக்காரர் ஓடிப்போய் ஜீப்பைக் கிளப்பினார். நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கிற லீவரைப் போட்டு, இழுவைக் கம்பியை மாட்டி, சின்னக் கியரில் மெல்லப் பின்வாங்கினார். அனுமதியில்லாத வண்டி அனுமதியுள்ள வண்டியைக் கரையேற்றியது. ஆய்வாளர் முழங்கால் வரை நனைந்த பேண்ட்டோடு, ஜீப்பின் முன்மூடி மேலேயே வைத்து எழுதினார்: இந்த இடத்தில் சாலை என்று எதுவும் காணப்படவில்லை.

அம்மாள் அன்றிலிருந்து ஜீப்பில் வேலைக்குப் போனார். கணவர் ஓட்ட, பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து போவார். கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது.

ஆனால் ஆய்வாளர் நேர்மையான அதிகாரி. சாலையில்லாத தெருவில் சாதாரணக் கார்கள் நிற்பது அவர் கண்ணை உறுத்தியது. விதி இரண்டு பக்கமும் வெட்டும். வண்டிகளைத் தெருவுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளும்படி வீட்டுக்கு வீடு அறிவிப்பு வந்தது. முதலில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். பிறகு பல் டாக்டர் தன் காரை உயர்த்தி, மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அதற்குப் பிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது. பொறாமைக்கு நேரம் போதவில்லை. மச்சினன் வேலையை விட்டுவிட்டுத் தெருமுனையில் உதிரிபாகக் கடை திறந்தான். தெருச் சங்கத் தலைவர் பூங்காவில் நடைப்பயிற்சி செய்வதற்காக ஆளுயரச் சக்கர வண்டியில் போனார். ஏறி இறங்க ஒரு சின்ன ஏணி வைத்திருந்தார். பள்ளங்களுக்குப் பெயர் வைத்தார்கள். வெளியூர் ஆட்கள் வந்து பள்ளத்தோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டு வாடகை ஏறியது.

சாலை காணப்படவில்லை என்று ஆய்வாளர் எழுதிக்கொடுத்ததால் சாலைப் பொறியாளர் மிகவும் புண்பட்டிருந்தார். ஒரு நாள் காலையில் அவர் உண்மையாகவே சாலை போட வந்துவிட்டார். ஜல்லி வந்தது, தார் வந்தது, ரோடு ரோலர் வந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவருக்கே நம்பிக்கை வரவில்லை.

தெரு கொந்தளித்தது. சாலை வந்தால் இத்தனை வண்டிகளும் செல்லாமல் போகும். சங்கத் தலைவர் ஏணியில் இறங்கி வந்து ரோலருக்கு முன்னால் உட்கார்ந்தார். தாங்கள் ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள் என்றும், தங்கள் தெருவுக்குப் போய் ஏன் இந்த அநியாயம் என்றும் கேட்டார். சாலை வேண்டாம் என்று ஒரு மனு எழுதப்பட்டது. அதில் கையெழுத்துப் போடாதவர் நர்ஸம்மா ஒருவர்தான்.

சாயங்காலம் கடைக்காரர் ஜீப்புக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். அம்மாள் வந்து பக்கத்தில் நின்றார். கட்டுப் பிரித்தாகிவிட்டது, கை இன்னும் கொஞ்சம் மெலிவாகத்தான் இருந்தது.

"நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களாமே."

"எல்லாரும் போட்டாங்க."

"இந்த வண்டிய எதுக்குச் சரி பண்ணினீங்க?"

"உன் கை உடைஞ்சுதுன்னுதான்."

"கை எதனால உடைஞ்சுது?"

"ரோடு போட்டுட்டா அப்புறம் இந்த வண்டிய என்ன பண்றது? எவ்வளவு வேலை செஞ்சிருக்கேன், நீயே பாத்தியே," என்றார் அவர். குரலில் நிஜமான வலி இருந்தது.

அம்மாள் அந்த வாரமே ஆஸ்பத்திரி வளாகத்திலுள்ள நர்சுகள் குடியிருப்பில் ஒரு வீடு கேட்டு வாங்கிக்கொண்டார். வாசல் வரை நல்ல சிமெண்டுச் சாலை. வார்டுக்கு நடந்தே போகலாம். கணவரையும் கூப்பிட்டார். ஆனால் அங்கே சாலை இருந்ததால் ஜீப்புக்கு அனுமதி இல்லை. வண்டியைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்று கடைக்காரர் தயங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனார். வந்த நேரமெல்லாம் பின்பக்க ஸ்பிரிங் பட்டையைப் பற்றியே பேசினார்.

மனுவைப் படித்த பொறியாளர் கண்கலங்கினார். அவருடைய பணிக்காலத்தில் பொதுமக்களும் துறையும் ஒரே கருத்தாக இருந்தது அதுவே முதல் தடவை. வந்த ஜல்லி வந்த வழியே திரும்பிப் போனது. ஆவணத்தில் மூன்றாவது தடவையாகச் சாலை போடப்பட்டது. தெருவில் அது இல்லை. இதில் வாகன அலுவலகத்துக்கும் ஆட்சேபமில்லை. ரிப்பன் கட்டி, பொறியாளர் வெட்ட, அத்தனை வண்டிகளும் வரிசையாகச் சேறடித்துக்கொண்டு போயின. முன்மாதிரித் தெரு என்று ஒரு பலகை நட்டார்கள். மறுவாரமே மற்றத் தெருக்காரர்கள் எங்களுக்கு மட்டும் ஏன் சாலை என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். கூட்டத்தைச் சமாளிக்கத் துறையில் சாலை நீக்கப் பிரிவு என்று தனியாக ஒன்று தொடங்க வேண்டியதாயிற்று. அதில் இடம் பிடிக்கச் சிபாரிசு வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு அந்தச் சிபாரிசு இருந்தது. அவர்களும் பெரிய வண்டிகள் வாங்கியிருந்தார்கள். ஒரு நாள் அம்மாள் வேலை முடிந்து வரும்போது, குடியிருப்புச் சாலையில் ஆட்கள் கடப்பாரையோடு இறங்கியிருந்தார்கள். சாலை நீக்கப் பிரிவின் ஆட்கள், ரொம்ப மரியாதையானவர்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, எங்கே வேண்டும் என்று கேட்டுத்தான் தோண்டினார்கள்.

மேஸ்திரி இவர் வாசலுக்கும் வந்தார்.

"உங்களுக்கு எவ்வளவு ஆழம் போடலாம்மா?"

அம்மாள் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு பழைய ஜீப்பு வரும். உள்ள இறங்கினா மறுபடி ஏற முடியாத அளவுக்குப் போடுங்க. ஓட்டுறவர் மட்டும் ஏறி வர்ற மாதிரி ஒரு ஓரமா படி வெட்டிடுங்க."

மேஸ்திரி தலையாட்டிவிட்டு, படி எந்தப் பக்கம் வரட்டும் என்று கேட்டார்.